பிக்குவும் அல்ல, குடும்பஸ்தரும் அல்ல

தோப்பும்படியின் பழைய துறைமுகப் பாலம் ராபர்ட் பிரிஸ்டோ காலத்தது. கொச்சித் துறைமுகத்தை உருவாக்கிய அந்தப் பொறியாளரை, அம்பலப்புழைக்குக் கிழக்கே கருமாடியில் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். கவனிப்பாரற்றுக் கிடந்த கருங்கல் புத்தரை மீட்டவர் அவர்தானாம். பாலத்தைப் பார்த்த பயணி, புத்தரையும் பார்த்துவிடலாமென்று அரூர் வழியாகத் தெற்கே பஸ் ஏறினார்.

கருமாடிக்குட்டன் என்று அழைக்கப்படும் அந்தப் புத்தருக்கு இடப்பக்கம் இல்லை. யானை உடைத்தது என்பது ஊர்க்கதை. சுற்றுலாக்காரர்கள் வந்து போகிறார்கள், பிக்குகளைத்தான் காணோம். பிக்கு சங்கம் மறைந்த மண்ணில் தம்மத்தை யார் சுமப்பது?

கொழும்பு மரச்சாமான் வணிகர் வீட்டில் 1864-ல் பிறந்த டேவிட் ஹேவாவிதாரண அதற்கொரு வழி கண்டார். மணம் செய்யவில்லை, வீட்டில் தங்கவில்லை, சங்கத்திலும் சேரவில்லை. அனகாரிக (வீடற்றவர்) தர்மபாலர் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1891-ல் மகாபோதி சங்கம், 1893-ல் சிகாகோ சர்வசமய மாநாடு, பிறகு புத்தகயைக் கோயிலை மீட்க நீதிமன்றம், ஹொனலூலுவின் மேரி ஃபாஸ்டரிடமிருந்து நன்கொடை. பொன்னையும் வெள்ளியையும் தொடக் கூடாதென்ற விதிக்குக் கட்டுப்பட்ட பிக்கு இந்த வேலையையெல்லாம் செய்திருக்க முடியுமா? முழுத் துறவை அவர் ஏற்றது 1933-ல். அதே ஆண்டு ஏப்ரலில் சாரநாத்தில் காலமானார்.

சென்னையில் அயோத்திதாசர் இதற்கு நேர்மாறு. 1898-ல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பியவர், குடும்பத்தையும் சித்த வைத்தியத்தையும் விடாமலே பௌத்தம் வளர்த்தார்.

பிக்குவுக்கும் குடும்பஸ்தருக்கும் இடைப்பட்ட இந்த நிலை ஆண்களுக்கு ஒரு வசதி. பெண்களுக்கோ வேறு வழியில்லை. இலங்கையில் பிக்குணி மரபு பதினோராம் நூற்றாண்டோடு அறுந்துபோனது. துறவு நாடிய பெண்கள் தலை மழித்து, பத்துச் சீலம் ஏற்று ‘சில் மாதா’ ஆனார்கள். பர்மாவில் பயின்று வந்த கேத்தரின் டி அல்விஸ், 1907 வாக்கில் கண்டியில் அவர்களுக்கென மடம் தொடங்கினார். ஆளுநர் மனைவி லேடி பிளேக்கின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. துறவியின் கட்டுப்பாடெல்லாம் உண்டு, துறவியென்ற அந்தஸ்து மட்டும் இல்லை. பயணிக்கு இது அநியாயமாகவே பட்டது.

1998-ல் பிக்குணி உபசம்பதை, அதாவது முழுத் துறவேற்பு, இலங்கை மண்ணிலேயே பெண்களுக்கு மீண்டும் கிடைத்தது. ஆனாலும் சில சில் மாதாக்கள் அதை வேண்டாமென்றார்கள். பிக்குணியானால் கருதம்மங்கள் என்ற எட்டு விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும்: நூறு வருடம் துறவில் இருந்தவரானாலும், அன்றைக்குத் துறவேற்ற பிக்குவுக்கு எழுந்து வணங்க வேண்டும். சில் மாதாவுக்கு அந்த விதி இல்லை.