கொழுந்துக் கூடையும் யோகாசனமும்

அவிசாவளையைக் கடந்து இரத்தினபுரி வீதியிற் செல்லும்போது, இருமருங்கும் இறப்பர் மரங்கள் அணிவகுத்து எம்முடன் வருகின்றன. எகலியகொடை, குருவிற்றை, இரத்தினபுரி, பெல்மதுளை என ஊர்களைத் தாண்டிப் பலாங்கொடைப் பக்கமாக ஏற ஏற, இறப்பர் குறைந்து தேயிலை மிகுகின்றது. கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளிலும் மலைச்சரிவெங்கும் தோட்டங்களே. மாணிக்கத்துக்குப் பெயர்பெற்ற இந்தச் சப்ரகமுவ மாகாணத்திலே மண்ணுக்கு மேலேயும் ஒரு செல்வம் உண்டு. அது இத்தோட்டங்களில் உழைக்கும் எம்மவரின் தேகபலம். அந்தச் செல்வம் தேய்ந்துபோகாமல் காப்பது எவ்வாறு என்பதைப் பற்றியே இங்கு சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

யோகாசனம் எல்லா வயதினருக்கும் நன்மை பயக்கும் என்று நாம் சொன்னால், தோட்டத்து வாசகர் புன்னகை செய்யக்கூடும். “விடிந்தது முதல் மலையேறி இறங்குகின்றோம், எங்களுக்குமா தேகாப்பியாசம்?” என்று அவர் கேட்பார். கேள்வி நியாயமானதே. ஆயினும் உழைப்பு வேறு, தேகாப்பியாசம் வேறு. அந்த வேறுபாட்டை அறிய, தோட்டத்து வேலையைச் சற்று உற்று நோக்கினாற் போதும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பாருங்கள். தலையில் மாட்டிய கயிற்றிலே கூடை முதுகுப்புறம் தொங்குகின்றது. கொழுந்து சேரச் சேரப் பாரம் கழுத்தை இழுக்கின்றது. கைகள் இரண்டும் எந்நேரமும் முன்னோக்கியே இயங்குகின்றன. இடுப்பு முன்னோக்கியே வளைகின்றது. பால் வெட்டும் தொழிலாளியோ, வெயில் ஏறினால் பால் வடிவது குறையுமாதலால், விடியற்காலையிலேயே மரத்தண்டை நிற்கவேண்டும். பட்டையின் வெட்டு கீழே இறங்கியிருந்தால் மரத்துக்கு மரம் குனிய வேண்டும். நூற்றுக்கணக்கான மரங்களுக்கு இதே குனிவு, இதே கைவீச்சு. ஆக, வேலை உடலை ஒரே திசையில், ஒரே பக்கமாக, ஆண்டுக்கணக்கில் வளைக்கின்றது. வளைந்ததை மறுபக்கம் நிமிர்த்துவது எது? அதுவே யோகாசனத்தின் பணி.

இந்த உண்மையை நன்கறிந்திருக்கக்கூடிய ஒருவர் எமது இனத்திலேயே தோன்றினார். திருநெல்வேலிச் சீமையிலுள்ள பத்தமடையில் 1887 ஆம் ஆண்டு பிறந்த குப்புசுவாமி என்னும் வைத்தியர், 1913 இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். அங்கே செரம்பானுக்கு அண்மையில் இருந்த ஓர் இறப்பர்த் தோட்ட வைத்தியசாலையிலே பல ஆண்டுகள் பணிபுரிந்தார். தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகச் சென்ற ஏழைகளின் உடலையும் நோயையும் நாள்தோறும் அருகிருந்து கண்டவர் அவர். 1923 இல் தாயகம் திரும்பித் துறவு பூண்டு, சுவாமி சிவானந்தர் என்னும் பெயருடன் இமயத்து ரிஷிகேசத்தில் அமர்ந்தார். 1936 இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். யோகத்தைக் குகைவாசிகளிடமிருந்து குடும்பத்தவரின் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் அவர் முதன்மையானவர். 1950 ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தின்போது இலங்கைக்கும் வந்தார். அவருடைய சீடரும் கோயம்புத்தூர்ப் பகுதியினருமான சுவாமி சச்சிதானந்தர், 1953 இல் இந்நாட்டுக்கு வந்து, 1966 இல் மேனாடு செல்லும்வரை கண்டியை நிலைக்களமாகக் கொண்டு யோகம் பயிற்றினார். இறப்பர்த் தோட்டத்து வைத்தியர் ஒருவரின் வழிவந்த கலை மலைநாட்டையே வந்தடைந்ததை எண்ணும்போது, இது தோட்டத்து மக்களுக்கு அந்நியமான பொருள் என்று சொல்ல எவருக்கும் மனம் வாராது.

இக்காலத்து வைத்திய ஆராய்ச்சியும் இதற்குச் சான்று பகர்கின்றது. நாட்பட்ட இடுப்புவலி பற்றிக் கொக்ரேன் என்னும் சர்வதேச ஆய்வமைப்பு 2022 இல் வெளியிட்ட தொகுப்பிலே 21 ஆய்வுகள் ஆராயப்பட்டன. அவற்றிலே பங்குபற்றியோர் 2,223 பேர். பயிற்சி எதுவும் செய்யாதோரைவிட யோகம் செய்தோருக்கு இடுப்பின் இயக்கம் ஓரளவு சீர்பெற்றது என்பது அதன் முடிபு. ஏனைய தேகப்பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வேற்றுமை இல்லை என்றும் அது கூறுகின்றது. ஆகவே அற்புதம் எதையும் நாம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. கருவியும் காசும் வேண்டாத பயிற்சி என்பதே எம்மவருக்கு இதனால் உண்டாகும் பெரும் நன்மை.

எவ்வயதினர் எதைச் செய்யலாம்? தோட்டப் பாடசாலைக்குப் புத்தகப்பையுடன் மேடேறும் சிறுவருக்கு, விருட்சாசனமும் தாடாசனமும் விளையாட்டுப்போலவே அமையும். ஒற்றைக்காலில் அசையாது நிற்கப் பழகும் பிள்ளைக்கு மனமும் ஒருநிலைப்படும். கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு, குப்புறப் படுத்து மார்பை மெல்ல உயர்த்தும் புஜங்காசனமும், கைகளை முதுகுக்குப் பின்னாற் கோத்துத் தோளை விரிப்பதும் அன்றாட வளைவுக்கு மாற்றாகும். இறுதியிற் சில நிமிடம் சவாசனம். அலுத்த உடலுக்கு அதுவே அமிர்தம். பேரன் பேத்திகளைப் பார்த்துக்கொண்டு லயத்தில் இருக்கும் முதியோர், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உயர்த்திப் பழகலாம். முதியோர் வாரத்தில் மூன்று நாளாவது உடற்சமநிலைக்கான பயிற்சி செய்யவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மழையில் நனைந்து வழுக்கும் இம்மலைப் படிகளிலே, விழாமல் நடப்பது முதுமைக்கு எத்துணை பெரிய பாதுகாப்பு!

மூச்சின் அருமையை அறியச் சிவனொளிபாதமலையே போதும். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாக அந்த 2,243 மீற்றர் சிகரத்துக்கு ஏறுபவர்களைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். ஓட்டமாய் ஏறும் இளைஞன் நடுவழியில் மூச்சு வாங்க அமர்ந்துவிடுகின்றான். மூச்சுக்கேற்ப அடிவைக்கும் பாட்டியோ நிதானமாக அவனைக் கடந்து செல்கின்றாள். பிராணாயாமத்தின் முதற்பாடமும் அந்த நிதானமே.

சில எச்சரிக்கைகளும் அவசியம். கர்ப்பிணிகளும், இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளோரும் வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும். சிரசாசனம் முதலிய கடினமானவை, தகுந்த ஆசிரியர் இன்றி எவருக்கும் வேண்டாம். வலி எழுந்தால் அங்கேயே நிறுத்திவிடவேண்டும். அன்றியும், நல்ல உணவுக்கோ, போதிய கூலிக்கோ, மருந்துக்கோ யோகம் ஈடாகாது. பசித்த வயிற்றுக்கு ஆசனம் போதிப்பது அறமன்று.

இனி இடமும் நேரமும். லயத்துக் காம்பரா சிறியதே; எனினும் ஒரு சாக்கு விரிக்கும் இடம் இஸ்தோப்பிலேனும் கிடைக்கும். நேரமோ அவ்வளவு எளிதிற் கிடைப்பதன்று. பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பீலியில் நீர் பிடித்து, பிள்ளையை ஆயத்தப்படுத்தும் பெண்ணுக்குத் தனக்கென்று கால்மணி நேரம் எங்கே? மாலையிலும் அவள் நிலை அதுவே. ஆகவே தோட்டத்து ஆடவர்க்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் எமது வேண்டுகோள் இது: நாள்தோறும் ஒரு குடம் நீரையும் ஒரு கட்டு விறகையும் நீங்கள் சுமந்து கொடுங்கள். அதனால் மிஞ்சும் கால்மணி நேரத்தில் அவள் முதுகை நிமிர்த்திக்கொள்ளட்டும். ஞாயிறுதோறும் கோயில் முற்றத்திலே அறிந்தவர் ஒருவர் முன்னிற்க, பாட்டி முதல் பேத்தி வரை கூடிப் பழகலாம். நல்ல காரியத்தை இன்றே தொடங்குங்கள்.