சாந்தின் பதம்

செட்டிநாட்டு வீடுகளின் உட்சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்கள் அவற்றின் வழவழப்பையும் குளிர்ச்சியையும் எளிதில் மறப்பதில்லை. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கருப்பட்டி, முட்டையின் வெண்கரு ஆகியவை கூடி உருவான பூச்சு அது. காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்விக வீட்டின் கூடத்துச் சுவரைச் செப்பனிட்டபோது, இப்பொருள்களைவிட அவற்றைக் குழைக்கும் பதமே முதன்மையானது என்பதை அறிந்தேன்.

அச்சுவரில் பூச்சுப் பெயர்ந்த இடங்களை முன்னொரு காலத்தில் சிமெண்டால் அடைத்திருந்தனர். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும். சிமெண்டு அதனைத் தடுக்கும். உள்ளே தங்கிய ஈரத்தால் சுற்றிலும் இருந்த பழைய பூச்சும் உப்பி உதிரத் தொடங்கியது. எனவே மீண்டும் சுண்ணாம்பே பூசுவதென முடிவு செய்தோம். தங்கையின் திருமணத்திற்கு மூன்று மாதங்களே இருந்தன.

பணியை ஏற்ற முதிய கொத்தனார் முதலில் கேட்டது பணமன்று, காலம். சுட்ட சுண்ணாம்பை நீரிலிட்டு நீற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டார். ஊற ஊற அதன் துகள்கள் நுண்மையடைந்து, வெண்ணெய்போல் குழையும். வீட்டாரின் அவசரம் அவரை அசைக்கவில்லை.

பூச்சு வேலை தொடங்கிய நாளில், சாந்து கரணைக்கு இணங்காமல் இறுகி நின்றது. உடன் பணிபுரிந்த இளைஞர் குடத்து நீரைச் சாய்க்க முனைந்தார். பெரியவர் தடுத்தார்.

"தண்ணீர் விட்டால் உன் கைக்கு எளிது தம்பி, சுவருக்குக் கேடு."

"பிறகு எப்படி இளக்குவது ஐயா?"

"இன்னும் அரை. பிறகு கடுக்காய் நீரைத் தெளி."

மிகுதியான நீர் சாந்தை இளக்கும். ஆனால் அது உலர்ந்து வெளியேறும்போது பூச்சு சுருங்கி வெடிக்கும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரோ, சிறிதளவே சேர்ந்தாலும் சாந்தை வழுக்கலாக்கும். கருப்பட்டியின் இனிப்பு சுண்ணாம்புத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து நிறுத்துவதே அதற்குக் காரணம். பூசிய பின் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, மெல்லமெல்ல மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகிறது.

அடிப்பூச்சில் பருமணல் கலந்தார். மேலே செல்லச் செல்ல மணல் குறைந்து சாந்து நுண்மையாயிற்று. இறுதிப் பூச்சில் வெண்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார். ஒவ்வொரு பூச்சுக்கும் பதம் வேறு. அதனை அளக்க அவரிடம் கருவி எதுவுமில்லை. கரணையில் சாந்தை அள்ளித் தலைகீழாகக் கவிழ்ப்பார். விழாமல் பற்றி நிற்க வேண்டும். தட்டினால் வழுக்கி இறங்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே பதம். இந்த அறிவு ஏட்டில் எழுதப்படாதது. கற்றுக்கொள்ளும் கை ஒன்று அருகில் இல்லையெனில், அது அவரோடு நின்றுவிடும்.

மறுநாள் கலவையை அவ்விளைஞரே அரைத்துக் குழைத்தார். பெரியவர் கரணையில் அள்ளிக் கவிழ்த்தார், சாந்து விழவில்லை. மெல்லத் தட்டினார், வழுக்கி இறங்கியது.

"பூசு தம்பி" என்று கூறிக் கரணையை அவர் கையில் கொடுத்தார்.