ஏரிக்கரையில் எழுந்த அடுக்குமாடி

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு சின்ன திகைப்பு காத்திருக்கும். டிக்கெட் வாங்குகிற இடத்துக்கு வந்து நின்றால், கண்ணெதிரே பூங்காவின் வாசல் இருக்காது. ஓர் ஏரி இருக்கும். மேஜிக் கிங்டம் என்ற அந்தக் கனவுப் பூங்கா ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. படகிலோ மோனோரெயிலிலோ ஏறித்தான் போய்ச் சேர வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய், பேரன் பேத்தியோடு இங்கே அழைத்து வரப்படும் நம்மூர்த் தாத்தா பாட்டிகள், 'இன்னும் எவ்வளவு தூரம்டா?' என்று கேட்பது இந்தப் படகுத்துறையில்தான்.

இந்த ஏற்பாடு தற்செயல் இல்லை. ஊர்க் கவலையை இக்கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்பதுதான் கணக்கு. படகு நகர நகர, தூரத்தில் பொம்மை மாதிரி தெரிந்த சிண்ட்ரெல்லா கோட்டை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே வரும். எல்லோருடைய செல்போனும் அந்தப் பக்கம் நீளும்.

வருஷா வருஷம் வருகிற பழைய ரசிகர்கள் மட்டும் இப்போதெல்லாம் ஒரு தடவை இடதுபக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். தென்னை ஓலைக் குடிசைகளை நினைவூட்டும் சரிவான கூரைகளும் பனை வகை மரங்களுமாக இருந்த அந்தக் கரையில், இப்போது ஓர் அடுக்குமாடி நிமிர்ந்து நிற்கிறது. பெயர் ஐலண்ட் டவர். 2024 டிசம்பர் 17 அன்று திறக்கப்பட்டது. ஒரு ஹோட்டல் கட்டடத்துக்காக மனிதர்கள் இவ்வளவு சண்டை போட முடியுமா என்று ஆச்சரியப்படுகிறவர்கள், அந்தக் கரையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1971 அக்டோபர் 1. மேஜிக் கிங்டம் திறந்த அதே நாளில் ஏரிக்கரையில் இரண்டு ஹோட்டல்களும் திறந்தன. ஒன்று கன்டெம்பரரி. ஆங்கில 'ஏ' எழுத்து வடிவில் உயர்ந்து நிற்கும் கட்டடம். அதன் வயிற்றுக்குள் புகுந்து மோனோரெயில் ஓடும். இன்னொன்று பாலினேசியன் வில்லேஜ். பசிபிக் பெருங்கடல் தீவுகளின் கிராமம் என்று கற்பனை. நடுவில் ஒரு பெரிய கூடம், சுற்றிலும் இரண்டு மூன்று மாடிகளுக்கு மேல் போகாத நீள வீடுகள், மணல் கரை, இரவில் எரியும் தீப்பந்தங்கள். ஏரியே தோண்டிய ஏரிதான். அங்கே அள்ளிய மண்ணைக் கொட்டித்தான் பூங்காவின் தரையை உயர்த்தினார்கள். பசிபிக் கடல் மாதிரியே இருக்கட்டும் என்று ஏரியில் அலை எழுப்பும் இயந்திரம்கூட வைத்துப் பார்த்தார்கள். அலை வந்ததோ இல்லையோ, கரை அரிக்க ஆரம்பித்துவிட்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள்!

இந்த இரண்டு ஹோட்டல்களின் அறைகளும் கட்டப்பட்ட விதமும் வேடிக்கையானது. வேறோர் இடத்தில் அறைகளை முழுசாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கிப் பொருத்தினார்கள். யு.எஸ். ஸ்டீல் கம்பெனியின் வேலை. வடிவமைப்பு வெல்டன் பெக்கெட் நிறுவனத்துடையது. ஓலைக்குடில் மாதிரி தோன்றினாலும், உள்ளே இருந்தது அன்றைய நவீன எஃகுத் தொழில்நுட்பம்.

அந்தக் கூடத்துக்குள் நுழைந்தவுடன் ஒரு அருவி கொட்டும். சுற்றிலும் வெப்பமண்டலச் செடிகள். விமானப் பயணக் களைப்போடு வருகிறவர்களுக்கு அந்த ஈரமான காற்றே வரவேற்பு. இங்கே தேனிலவுக்கு வந்தவர்கள் பிறகு குழந்தையோடு வந்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து தன் குழந்தையோடு வந்தது. மூன்று தலைமுறையின் போட்டோக்களிலும் பின்னணியில் அதே அருவி. இடையே வரலாறும் இந்த ஹோட்டலுக்குள் எட்டிப் பார்த்தது. பீட்டில்ஸ் இசைக்குழுவைச் சட்டப்படி கலைக்கும் ஆவணத்தில் ஜான் லெனன் கையெழுத்திட்டது இங்கே தங்கியிருந்தபோதுதான், 1974 டிசம்பர் 29 அன்று.

2014-ல் அருவியை எடுத்துவிட்டார்கள். கூடத்தைப் புதுப்பிக்கிறோம், உட்கார இடம் வேண்டும் என்றார்கள். ரசிகர்கள் அழாத குறை. வீட்டு முற்றத்தை மூடி ஹால் ஆக்கினால் பாட்டிக்கு எப்படி இருக்கும், அப்படி. அடுத்த வருஷம் ஏரித் தண்ணீருக்கு மேலேயே 20 பங்களாக்கள் வந்தன. அவற்றில் தங்குகிறவர்களுக்குச் சொர்க்கம். கரையில் நாற்காலி போட்டுக் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பார்வையில் பாதி போயிற்று. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்திய பாலினேசிய நடனத்துடன் கூடிய இரவு விருந்து, பிறகு திரும்பவே இல்லை. அந்த விருந்து நடந்த இடம்தான் ஐலண்ட் டவருக்குப் போனது.

ஆக, 2022 மார்ச்சில் புதுக் கட்டடத்தின் வரைபடம் வெளியானபோது கோபம் புதிதாகப் பிறக்கவில்லை. ஏற்கெனவே அடுப்பு சூடாகத்தான் இருந்தது. வரைபடத்தில் தெரிந்தது வெளிர் நிறச் சுவர், வரிசை வரிசையாகப் பால்கனி, தட்டையான உச்சி. எந்தக் கடற்கரை நகரத்திலும் பார்க்கக்கூடிய அபார்ட்மென்ட் இது, இதற்கு ஏன் டிஸ்னி வேண்டும் என்பதுதான் பெரும்பாலோர் கேட்டதன் சாரம். சரிவான கூரை எங்கே, மரவேலைப்பாடு எங்கே, பக்கத்து வீடுகளுக்கும் இதற்கும் என்ன சொந்தம் என்று பட்டியல் நீண்டது. பக்கத்திலேயே ஒரு குட்டித் தீவில் டிஸ்னியின் திருமண மண்டபம் இருக்கிறது. மணமேடைக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலில் கோட்டை தெரியும்படி அதைக் கட்டியிருக்கிறார்கள். அந்த அளவுக்குப் பார்வையை அளந்து அளந்து கட்டிய கரையில், இப்படி ஒரு பெட்டியா?

இந்தக் கேள்வியை வெறும் பழைய நினைவுப் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏனென்றால், எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக்கூடாது என்பதைத் தன் தொழிலின் அடிப்படையாகவே சொல்லிக் கொடுத்தது டிஸ்னிதான். கலிஃபோர்னியாவில் 1955-ல் திறந்த முதல் டிஸ்னிலேண்டைச் சுற்றி மண்மேடு எழுப்பியவர் வால்ட் டிஸ்னி. உள்ளே இருப்பவருக்கு வெளியுலகம் தெரியக்கூடாது. ஆனால் மேட்டுக்கு வெளியே கொஞ்ச வருஷத்தில் மோட்டல்களும் விளம்பரப் பலகைகளும் ஈசல் மாதிரி மொய்த்துவிட்டன. அந்தக் கசப்பில்தான் ஃப்ளோரிடாவில் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் சத்தமில்லாமல் சுமார் 27,000 ஏக்கர் வாங்கினார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நம் கதைதான் தெரிய வேண்டும் என்பது ஆசை. பூங்கா திறப்பதைப் பார்க்க வால்ட் இல்லை, 1966-லேயே போய்விட்டார்.

அந்தப் பாடத்தை அவருக்குப் பின் வந்தவர்கள் நன்றாகப் பின்பற்றிய உதாரணம் உண்டு. 1994-ல் 'டவர் ஆஃப் டெரர்' என்ற 199 அடி உயரப் பேய் ஹோட்டல் சவாரியைக் கட்டினார்கள். அது இன்னொரு பூங்காவான எப்காட்டில் இருந்து பார்த்தால், அங்கே இருக்கும் மொராக்கோ அரங்கின் பின்னால் தலைகாட்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? சவாரியின் நிறத்தையும் உச்சியின் அமைப்பையும் மொராக்கோ கட்டடங்களோடு ஒத்துப்போகும்படி செய்துவிட்டார்கள். விவரம் தெரியாதவர் அது மொராக்கோவின் ஒரு பகுதி என்றே நினைப்பார்.

கோட்டை விட்ட உதாரணமும் அதே எப்காட்டில் இருந்தே தெரியும். 1990-ஐ ஒட்டி, புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்த ஸ்வான், டால்ஃபின் என்ற இரட்டை ஹோட்டல்கள். உச்சியில் ராட்சத அன்னங்களும் மீன்களும். தனியாகப் பார்த்தால் ரசிக்கலாம். கட்டடக்கலை மாணவர்கள் தேடிப்போய்ப் பார்க்கிற கட்டடங்கள். ஆனால் எப்காட்டில் உலக நாடுகளின் அரங்குகளை ரசித்துக்கொண்டிருக்கும்போது, வானத்தில் ஓர் அன்னம் எட்டிப் பார்த்தால்? முப்பது வருஷத்துக்கும் மேல் ஆகியும் ரசிகர்களின் முணுமுணுப்பு ஓயவில்லை.

சரி, இவ்வளவு தெரிந்த கம்பெனி ஏன் இப்படிக் கட்டுகிறது? பதில் காசில் இருக்கிறது. ஐலண்ட் டவர் வழக்கமான வாடகை ஹோட்டலாகக் கட்டப்பட்டது அல்ல. டிஸ்னி வெக்கேஷன் கிளப் என்ற உறுப்பினர் திட்டத்துக்காகக் கட்டியது. 1991-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மொத்தமாகப் பணம் கட்டி 'பாயின்ட்' வாங்கிக்கொள்ள வேண்டும்; ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாயின்டைச் செலவழித்துத் தங்கலாம். பாலினேசியன் வில்லாக்களின் ஒப்பந்தம் 2066 ஜனவரியில் முடிகிறது. அதாவது இன்று வாங்கும் அப்பாவின் விடுமுறையை நாளை மகள் அனுபவிக்கலாம். நம்மூரில் 'ஹாலிடே ரிசார்ட் மெம்பர்ஷிப்' என்று ஷாப்பிங் மாலில் மடக்கிப் பேசுவார்களே, அதன் பெரியண்ணன். கோட்டை தெரியும் கரையில் இடம் கொஞ்சம். விற்க வேண்டிய பால்கனிகளோ ஏராளம். மேலே போவதைத் தவிர வழியில்லை.

இந்தக் கதையில் உறுத்துகிற இடம் இதுதான். கோபப்பட்டவர்களில் பலர் கட்டடம் அழகாக இல்லை என்பதற்காக மட்டும் கோபப்படவில்லை. எப்போதோ ஒருமுறை சேமித்து வைத்து இங்கே நாலு நாள் தங்கிய குடும்பங்களுக்கு, இப்போது அந்த ஹோட்டலின் வாடகை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. தங்க முடியாவிட்டாலும், படகில் போகும்போது பார்த்துக்கொள்ள ஒரு காட்சியாவது அவர்களுக்கு இருந்தது. அது இலவசம். அதிலும் கைவைத்தால்?

திறந்த பிறகு பேச்சு கொஞ்சம் மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் பலர் இறங்கி வந்தார்கள். இரண்டு பேர் மட்டும் தங்கும் குட்டி அறையில் இருந்து, தாத்தா பாட்டியோடு வருகிற குடும்பத்துக்கான இரண்டு படுக்கையறை வில்லா வரை இருக்கிறது. சுவர்களில் 'மோவானா' படத்தை நினைவூட்டும் ஓவியங்கள். குழந்தைகள் கண்டுபிடித்துக் கத்துகிறார்கள். ஏரிப்பக்க பால்கனியில் நின்றால் கோட்டையும் வாணவேடிக்கையும் நேர் எதிரே. சாப்பாட்டுக்கு 'வைலுலு' என்ற ஓர் உணவகம். வேறு ருசி வேண்டுமென்றால் பழைய கட்டடத்துக்கு நடக்க வேண்டும். கட்டடத்துக்கு உள்ளே இருப்பவருக்கு அதன் வெளிமுகம் தெரியாது என்ற சௌகரியம் வேறு!

இதில் இரண்டு வேடிக்கைகள் உண்டு. ஒன்று, உண்மையான ஹவாயின் வைகீகி கடற்கரைக்குப் போனால் ஓலைக்குடிலா இருக்கிறது? வரிசையாக அடுக்குமாடி ஹோட்டல்கள்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் புதுக் கட்டடம்தான் இன்றைய ஹவாய்க்கு நெருக்கம். ரசிகர்கள் காப்பாற்றத் துடிப்பது 1971-ல் அமெரிக்கர்கள் கற்பனை செய்துகொண்ட பசிபிக்கை. இன்னொன்று, 1960-களின் கடைசியில் பாலினேசியன் ஹோட்டலுக்காகச் செய்த ஆரம்ப மாதிரிகளில் ஓர் உயரமான கோபுரம் இருந்தது. பிறகுதான் அதைக் கைவிட்டுக் குட்டைக் குட்டை வீடுகளுக்கு மாறினார்கள். அரை நூற்றாண்டு கழித்து வேறு முகத்தோடு கோபுரம் திரும்பி வந்திருக்கிறது.

ஆனாலும் உயரம் மட்டுமே குற்றமில்லை. ஹவாயின் ஒவாஹு தீவில் 2011-ல் டிஸ்னியே கட்டிய ஆவ்லானி ஹோட்டலும் உயரமான கோபுரங்கள்தான். ஹவாய்க் கலைஞர்களின் ஓவியங்களும் சிற்பங்களும் நிறைந்த அந்தக் கட்டடத்தை ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். அங்கே செய்யத் தெரிந்தவர்களுக்கு இங்கே ஏன் மனம் வரவில்லை என்பது நியாயமான கேள்வி. 2009-ல் கன்டெம்பரரிக்குப் பக்கத்தில் இதே கிளப்புக்காக எழுந்த பே லேக் டவரும் அடுக்குமாடிதான். அது பக்கத்தில் இருக்கும் நவீனக் கட்டடத்தின் தம்பி மாதிரி இருப்பதால் இன்று கண்ணை உறுத்துவதில்லை. ஐலண்ட் டவருக்குத் தன் அண்ணனின் ஜாடை இல்லை.

போகிறவர்கள் தாங்களே பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். அதற்கு அறை எடுக்க வேண்டியதில்லை. ஏரியைச் சுற்றி ஹோட்டல்களை இணைக்கும் மோனோரெயிலுக்குக் கட்டணம் கிடையாது. மாலையில் பாலினேசியன் ஸ்டேஷனில் இறங்கி, வெளியே இருக்கும் கடையில் அன்னாசிப்பழ ஐஸ்கிரீமான 'டோல் விப்' ஒன்றை வாங்கிக்கொண்டு மணல் பக்கம் நடக்கலாம். வாணவேடிக்கை நேரத்தில் கோட்டைக்கு மேலே வெடிப்பது இங்கிருந்தே தெரியும்.

இரவில் இன்னொன்றும் வரும். 1971-ல் இருந்து ஏரியில் மிதந்துவரும் மின்விளக்கு ஊர்வலம். கோயில் தெப்பம் போல, 14 மிதவைகளில் கடல் பாம்பும் ஆமையும் டால்ஃபினும் விளக்குகளாக மின்னி மின்னிப் போகும். இருட்டிவிட்டதால் புதுக் கட்டடத்தின் சுவர் நிறம் தெரியாது. பால்கனி விளக்குகள் மட்டும் மேலே வரிசையாக எரியும். அங்கிருந்தும் யாரோ கையசைப்பார்கள். கீழே மணலில் பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் குழந்தைகளும் பதிலுக்குக் கையசைக்கும்.