நான் கற்ற கிரேக்கம்

யவனர் என்ற சொல்லைக் கேட்டாலே நம் தமிழ் மாணவர்க்கு ஓர் உற்சாகம் பிறந்துவிடும். எனக்கும் அப்படித்தான். சென்ற ஆண்டு நம் சங்கக் கூட்டத்தில், "கிரேக்கரின் 'ஒரிசா' நம் அரிசியே!" என்று மேசையைத் தட்டி முழங்கினேன். கைதட்டல் ஓய்ந்ததும் மலையாள நண்பர் ஒருவர் எழுந்து, "அச்சொல்லைக் கிரேக்க எழுத்தில் எழுதிக் காட்டலாமே" என்றார். சுண்ணக்கட்டி கையில் இருந்தது, எழுத்துதான் தெரியவில்லை.

அந்த வெட்கமே எனக்கு ஆசிரியராயிற்று. திருவனந்தபுரம் பாளையத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் கிரேக்க இலக்கண நூல் ஒன்று வாங்கினேன். எழுத்துகள் 24 தாம். 247 கற்ற நமக்கு இது பெரிதா என்று இறுமாந்தேன். ஆனால் பை, பீட்டா, ஃபை மூன்றும் என் நாவில் ஒரே பகரமாயின. வர்க்க எழுத்துகளில் வளர்ந்த அதே மலையாள நண்பர்தாம் மாலைதோறும் என் உச்சரிப்பைத் திருத்தினார். உடனிருந்து தாமும் கற்றார்.

வினைச்சொல் வந்ததும் நிலைமை மாறிற்று. 'கிராஃபோ' என்றால் 'எழுதுகிறேன்'. எழுதுபவன் யாரென்பதை விகுதியே சொல்லிவிடும். நமக்கு இது பிறவிப் பழக்கம். மலையாள வினையிலோ இவ்விகுதிகள் மறைந்துவிட்டன. இப்போது நான் அவருக்கு ஆசானானேன்!

சில மாதங்கள் சென்றபின் 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூலைத் தொட்டோம். பெயர் தெரியாத ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதியது. ஓர் இரவுக்கு ஒரு வாக்கியம். அதற்கும் அகராதியை இருபது முறை புரட்ட வேண்டும். முசிறி வந்தது, நெல்கிந்தா வந்தது. ஒருநாள் காப்பா, ஓமிக்ரோன், மூ, ஆல்பா, ரோ என்று விரல் வைத்துக் கூட்டினேன். 'கொமார்'. நம் குமரி! நோன்பு வாழ்வை விரும்புவோர் அங்கே நீராடி மணமின்றி வாழ்வர் என்றும், முன்னொரு காலத்தில் தெய்வப் பெண் ஒருத்தி அங்கு நீராடினாள் என்பர் என்றும் படித்தேன். ஆடி அமாவாசைதோறும் குமரிக் கடலாடும் என் பாட்டியின் ஈரப்புடைவை நினைவுக்கு வந்தது. கண் கலங்கிற்று.

அரிசியின் கதை வேறாயிற்று. 'ஒரிசா' ஈரானிய மொழி வழியே கிரேக்கம் புகுந்தது என்பதே இன்றைய மொழிநூலார் பலரின் கருத்து என்று அறிந்தேன். இவ்வாண்டுக் கூட்டத்தில் அதை நானே எழுந்து சொன்னேன். கைதட்டல் குறைவுதான். ஆயினும் கரும்பலகையில் அச்சொல்லைப் பிழையின்றி எழுதினேன்.