கும்பிடுபூச்சிக்கு ஒரு வணக்கம்

"பூச்சி மாதிரி கையை மடக்கிக்கிட்டு என்னடா பண்றே?" என்பார் அம்மா. சிங்கப்பூரில், சீனக் குரு ஒருவரிடம் கும்பிடுபூச்சி குங்ஃபூ பழகும் தமிழ்ப் பையன் நான்!

கும்பிடுபூச்சி ஒன்று சில்வண்டைப் பிடிப்பதைப் பார்த்து வாங் லாங் என்பவர் இக்கலையை உருவாக்கினார் என்பது கதை. ஷாண்டோங்கில் வளர்ந்த வடக்குக் கலையில் ஏழு நட்சத்திரம், பிளம் மலர், எட்டு அடி எனக் கிளைகள் பல. ஏழு நட்சத்திரக் கிளையின் லுவோ குவாங்யூ 1919இல் ஷாங்காய் ஜிங்வூ சங்கத்தில் கற்பிக்கத் தொடங்கினார். தெற்கே ஹக்கா மக்களின் சௌ கார், சூ கார் முறைகள் வேறு. பெயரில் மட்டுமே ஒற்றுமை.

எங்கள் பயிற்சிக்கூடச் சுவரில் பரம்பரைக் குருமார்களின் படங்கள். "இதில் எனக்கும் இடம் உண்டா?" என்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். குரு பேசவில்லை. முன்கையைக் கொக்கி போட்டு லேசாக இழுத்தார். அவ்வளவுதான், நான் தரையில்!

"குதிகால் தூக்கியிருக்கிறது. முதலில் ஒழுங்காக நில்" என்றார்.

பரீட்சை நேரத்திலும் விடாமல் ஒரு வருடம் நின்றேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த சீனச் சிறுவனை என்னிடம் ஒப்படைத்தார். அவன் என்னை "சிஹிங்" என்றான். ஒரே குருவிடம் பயிலும் அண்ணன் என்று அர்த்தம்.

நண்பர்களே, கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது!