ஒரே அநியாயம், ரெண்டு கோர்ட்!

ஆரப்பாளையத்துல எங்க தெருவுல ரெண்டு அக்கா. ஒருத்தர் மாநில அரசு ஊழியர், இன்னொருத்தர் மத்திய அரசு ஊழியர். பிரசவ லீவு எடுத்ததைச் சொல்லியே ரெண்டு பேருக்கும் புரமோஷன்ல கை வச்சுட்டாங்க. அநியாயம் ஒண்ணுதான். கோர்ட்தான் வேற!

முதல் அக்காவுக்கு, 2004-ல் வந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. மாட்டுத்தாவணி போய் ஒத்தக்கடை பஸ் பிடிச்சா ஆச்சு. ரெண்டாவது அக்கா அங்கே நேரா போக முடியாது. 1985 சட்டப்படி மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்தான் முதல் படி. அதைத் தாண்டித்தான் உயர் நீதிமன்றம்னு 1997-ல் சந்திரகுமார் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. நம்ம ஊருக்கான தீர்ப்பாயம் இருக்கிறது சென்னையில! மனுவுக்குக் கட்டணம் வெறும் 50 ரூபாய். வக்கீல் இல்லாம நாமே வாதாடலாம். சரி, பாண்டியன் எக்ஸ்பிரஸ் டிக்கெட்? அதுவும் கைக்குழந்தையோட? யோசிச்சு யோசிச்சே அக்காவுக்கு எட்டு மாசம் ஓடிப்போச்சு. பொதுவா ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டாகணும்.

சர்வீஸ் கேஸுக்குன்னே தனி அமைப்பு இருந்தா சீக்கிரம் முடியும்ங்கிற யோசனை நல்லதுதான். அப்படின்னா மதுரையிலும் நிரந்தரமா ஒரு பெஞ்ச் போடுங்க சாமி!

வேலைக்கு அப்ளிகேஷன் போடுற நமக்கும் இதே கணக்குதான். திருநங்கை பிரித்திகா யாஷினி கேட்டது மாநில போலீஸ்ல எஸ்.ஐ. வேலை. நேரா உயர் நீதிமன்றம் போய் 2015-ல் ஜெயிச்சாங்க. அதே பாகுபாடு ரயில்வே தேர்வுல நடந்தா, முதல்ல தீர்ப்பாயம்தான். ரிஜெக்ட் ஆன லெட்டரைக் கோபத்துல கிழிச்சுடாதீங்க, அதுல தேதி இருக்கு.