மெயில் வருது, போகலை

மைத்துனர் அச்சகம் வைத்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்கு போன். "மச்சான், மெயில் வருது, ஆனா போக மாட்டேங்குது." வாடிக்கையாளர் ப்ரூஃப் கேட்டுக் காத்திருக்கிறார்.

"திரையில என்ன வந்துச்சு?"

"ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு. ஓகே கொடுத்துட்டேன்."

எல்லோரும் இப்படித்தான். படிக்க வேண்டிய ஒரே வரியை மூடிவிட்டுத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

*

"வருதே, அப்ப பாஸ்வேர்டு சரிதானே?" இல்லை. மெயில் வருவது ஐமேப் அல்லது பாப் வழியாக. போவது எஸ்எம்டிபி வழியாக. போர்ட் வேறு, பெரும்பாலும் சர்வர் பெயரும் வேறு. தபால்காரர் வீடு தேடி வருகிறார் என்பதற்காகத் தபாலாபீஸ் திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராமில் அனுப்பும் சர்வருக்கான அமைப்பு, கணக்குப் பட்டியலுக்குக் கீழே கடைசியில் தனியாக உட்கார்ந்திருக்கும். பலர் அதுவரை இறங்கிப் பார்ப்பதே இல்லை. பாஸ்வேர்டையும் இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் சேமித்து வைக்கிறது.

*

எஸ்எம்டிபியை ஜான் போஸ்டல் எழுதி வைத்தது 1982இல். ஆர்எஃப்சி 821 என்று பெயர். சர்வர் சொல்லும் ஒவ்வொரு பதிலும் மூன்று இலக்க எண்ணில் தொடங்கும். 2இல் தொடங்கினால் ஆயிற்று. 4 என்றால் இப்போது முடியாது, அப்புறம் வா. 5 என்றால் முடியாது, போ.

535: பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 550: பெரும்பாலும் அப்படியொரு முகவரி இல்லை, அல்லது உன் மெயிலை நான் வாங்க மாட்டேன். 552: இடம் போதாது, அல்லது கடிதம் மிகப் பெரிது. 451: நாலில் தொடங்குகிறது; எதையும் தொடாதே, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அனுப்பு.

*

எண்ணே வராமல், வெகுநேரம் சுற்றிவிட்டு 'இணைக்க முடியவில்லை' என்றால், பேச்சே தொடங்கவில்லை. போர்ட்டைப் பார்க்க வேண்டும். 25 என்பது சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வாசல். வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகள் அதன் வழியே குப்பை மெயிலைக் கொட்டியதால் பல இணைய நிறுவனங்கள் அதை அடைத்துவிட்டன. நமக்கு 587 அல்லது 465. முன்னது சாதாரணமாகப் பேச ஆரம்பித்து, ஸ்டார்ட்டிஎல்எஸ் சொல்லிப் பூட்டிக்கொள்ளும். பின்னது முதலிலிருந்தே பூட்டு. ஒன்றின் போர்ட்டை எழுதி மற்றதன் பூட்டைத் தேர்ந்தெடுத்தால் இணைப்பு அமையாது.

465இன் கதை வேடிக்கை. 1997இல் கொடுத்து, சீக்கிரமே பிடுங்கிக்கொண்டார்கள். ஊர் உலகம் விடாமல் பயன்படுத்திக்கொண்டே இருந்தது. 2018இல் ஆர்எஃப்சி 8314 வந்து, அதையே பயன்படுத்துங்கள் என்றது.

*

ஒரு நிமிடச் சோதனை: கணினியை செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அனுப்பிப் பார்ப்பது. போய்விட்டால் மெயில் புரோகிராமைக் குடைய வேண்டாம். கோளாறு அலுவலக இணைப்பில்.

*

மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டால் சான்றிதழ் செல்லாது என்று சண்டை போடும். கடிகாரத்தைத் திருத்தினால் மெயில் போகும். இதைக் கண்டுபிடிக்க ஒருமுறை எனக்கு ஒரு மத்தியானம் ஆனது.

*

கடிதம் போய்விட்டது, 'அனுப்பியவை' பெட்டியில் நகல் வைப்பதில்தான் தகராறு என்பதும் உண்டு. அதற்கும் ஒரு பிழைச் செய்தி வரும். படிக்காதவர் மறுபடி அனுப்புவார். அந்தப் பக்கம் ஒரே இன்வாய்ஸ் மூன்று தடவை போய்ச் சேரும்.

*

மைத்துனருக்குத் திரும்ப போன் செய்தேன். "மறுபடி அனுப்புங்க. வர்றதைப் படிங்க." 535. "காலையில பாஸ்வேர்டு மாத்தினீங்களா?" மாற்றியிருக்கிறார், போகவில்லையே என்று. அனுப்பும் பக்கம் புது பாஸ்வேர்டு கேட்டு வந்த பெட்டியைக் கேன்சல் செய்திருக்கிறார். புதியதைப் போட்டதும் 552. இதுதான் காலையில் ஓகே கொடுத்து மூடிய செய்தி. நடுவில் வந்த 535 அவரே வைத்துக்கொண்ட வினை.

ப்ரூஃப் பிடிஎஃப் 21 எம்பி. சர்வர் வரம்பு 25. "அதுக்குள்ளதானே இருக்கு?" இணைப்புக் கோப்பு அப்படியே போவதில்லை. பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாறிப் போகிறது. மூன்று பைட் நான்காகும். 21 என்பது 28 ஆகிவிடும். ரெசல்யூஷனைக் குறைத்தார், போய்விட்டது.

*

அடுத்த வாரம் மறுபடி போன்.

"மச்சான், 451."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்ல. டீ குடிச்சிட்டிருக்கேன், சும்மா சொன்னேன்."